கள ஆய்வுக்கு முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு: ஒரு கூத்து ஊரில் கற்றுக்கொண்டவை

திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவையும் அதில் மகாபாரதக் கதையை ஆடும் பாரதக் கூத்தையும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, செய்யாறு வட்டாரத்து ஊர் ஒன்றில் நான் முதலில் போய் இறங்கியது ஐப்பசி மாதத்தில். அடைமழை. கோவில் பூட்டியிருந்தது. பூசாரியைத் தேடிப் போனால் அவர் கழனியில் நடவு பார்த்துக்கொண்டிருந்தார். “பாரதம் வைகாசியிலேயே முடிந்துவிட்டதே அம்மா. அடுத்த வருஷம் வைப்பதா வேண்டாமா என்று ஊர் கூடிப் பேசவே இன்னும் நாள் இருக்கிறது” என்றார். கையில் ஒலிப்பதிவுக் கருவி, பையில் ஆங்கிலத்தில் அடித்த கடிதம், மனத்தில் ஆறு மாதத்தில் களப்பணியை முடித்துவிடலாம் என்ற கணக்கு. அன்றைக்கே எல்லாம் கலைந்தது.

இனவரைவியல் முறையில் ஒரு பண்பாட்டைப் படிப்பது என்றால், அந்த மக்கள் நடுவே நீண்ட நாள் தங்கி, அவர்களோடு இருந்து, பார்த்து, கேட்டு, எழுதுவது. வகுப்பில் இதைச் சொல்லித்தருகிறார்கள். எந்த மாதம் போவது, யாரை முதலில் பார்ப்பது, எவ்வளவு பணம் வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. எனக்கு அவை தெரியாததால் ஓர் ஆண்டு போயிற்று. உங்களுக்குப் போக வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் களம் தெருக்கூத்து. உங்களுடையது மீனவர் குப்பமாகவோ நெசவாளர் தெருவாகவோ இருந்தாலும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஊரையும் காலத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள்

வட தமிழ்நாட்டில் பாரதத் திருவிழா பங்குனியில் தொடங்கி ஆடி வரை, சில ஊர்களில் ஆவணி வரை நீளும். பகலில் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார்கள். இரவில் கூத்து. கடைசி நாள் துரியோதனன் வீழும் படுகளமும் தீமிதியும். நாள் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பத்து நாளில் முடிக்கிற ஊரும் உண்டு, இருபது நாள் நடத்துகிற ஊரும் உண்டு.

இங்கே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. எல்லா ஊரிலும் ஆண்டுதோறும் பாரதம் வைப்பதில்லை. விளைச்சல் பொய்த்தாலோ, திருவிழாவுக்கு ஊர் போடும் வரி வசூலாகாவிட்டாலோ, ஊரில் இரண்டு தரப்புக்குள் பிணக்கு வந்தாலோ நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஒரே ஊரை நம்பி ஆய்வுத் திட்டம் எழுதாதீர்கள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஊர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் மூன்றுக்கும் போய், இந்த ஆண்டு பாரதம் உண்டா என்று தர்மகர்த்தாவிடம் நேரில் கேளுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்: நீங்கள் ஊரோடு இருக்கப் போகிறீர்களா, ஜமா என்கிற கூத்துக் குழுவோடு போகப் போகிறீர்களா? ஊரோடு இருந்தால் கோவில், வரி, சாதி, உறவுமுறை எல்லாம் தெரியவரும். ஆனால் கூத்து சில இரவுகள்தான். ஜமாவோடு போனால் ஒரு பருவத்தில் பல ஊர்க் களரிகளை (கூத்து நடக்கும் இடங்களை) பார்க்கலாம். எந்த ஊரையும் ஆழமாகத் தெரிந்துகொள்ள முடியாது. இரண்டையும் செய்ய நினைத்து முதல் பருவத்தில் நான் இரண்டிலும் பாதிதான் செய்தேன். புதியவர்களுக்கு ஊரையே பரிந்துரைப்பேன்.

மழைக்காலத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். கூத்துக் கலைஞர்களுக்கு அப்போதுதான் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கிப் புஜக்கட்டையும் கிரீடமும் செய்வது, பழசுக்குக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிப் புதுப்பிப்பது எல்லாம் இந்த ஓய்வு மாதங்களில் பார்க்கக் கிடைக்கும். சாவு வீட்டுக் கருமகாரியத்தின்போது இரவில், கர்ணன் இறக்கும் கதையான ‘கர்ண மோட்சம்’ கூத்தை ஆடும் வழக்கமும் இந்தப் பகுதியில் உண்டு. அதற்குப் பருவம் கிடையாது. ஐப்பசியில் நான் போனது தவறில்லை. எதற்குப் போகிறேன் என்று தெரியாமல் போனதுதான் தவறு.

2. காகிதங்களைக் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி, முனைவர் பட்டத்துக்கு ஆகக் குறைந்தது 3 ஆண்டு, ஆக அதிகம் 6 ஆண்டு. பாடப் படிப்பும் அதற்குள் அடங்கும். களத்துக்கு ஒரு முழு ஆண்டு, பதிவுகளை எழுத்தாக்க ஓர் ஆண்டு என்று எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள். பாடப் படிப்பு நடக்கும்போதே கீழ்க்கண்டவற்றை முடித்துவிடுவது நல்லது.

நெறியாளரின் கடிதம்: தமிழில், ஒரே பக்கத்தில், துறையின் முகப்புத் தாளில், முத்திரையோடு. நீங்கள் யார், என்ன படிக்கிறீர்கள், எத்தனை மாதம் இருப்பீர்கள், சந்தேகம் வந்தால் எந்தத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம் என்பது போதும். பத்துப் பிரதி கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொருவரும் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். என் ஆங்கிலக் கடிதத்தை ஊர்ப் பெரியவர் வாங்கி மரியாதையாக மடித்து வைத்துவிட்டார். கல்லூரி விடுமுறையில் அவர் பேத்தி வந்து படித்துச் சொல்லும் வரை மூன்று வாரம் யாரும் என்னிடம் எதுவும் பேசவில்லை.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல்: உங்கள் நிறுவனத்தில் அப்படி ஒரு குழு இருந்தால் அது எப்போது கூடும் என்று இன்றே கேளுங்கள். எனக்கு மூன்று மாதம் ஆனது. கேள்விப் பட்டியலும் ஒப்புதல் படிவமும் தமிழில் இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். அது சரியான ஆட்சேபணைதான்.

காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம்: இது கட்டாயமென்று எந்த விதியும் எனக்குக் காட்டப்படவில்லை. ஆனாலும் கொடுத்துவிட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்தேன். நள்ளிரவு இரண்டு மணிக்குக் களரியிலிருந்து அறைக்கு நடக்கும்போது ரோந்து வண்டி நிறுத்திக் கேட்டபோது அந்தத் தாள்தான் பேசியது. கிராம நிர்வாக அலுவலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் அதே கடிதத்தின் பிரதியைக் கொடுங்கள்.

களம் காட்டுக்குள் இருந்தால் கதை வேறு. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை போன்ற புலிகள் காப்பகப் பகுதிகளில் பழங்குடி ஊர்களுக்குப் போக வனத்துறையின் எழுத்து மூல அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள தமிழ் மாணவர்கள் சுற்றுலா விசாவில் வந்து ஆய்வு செய்யக் கூடாது. ஆய்வுக்கென்றே தனி விசா இருக்கிறது. ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான) அட்டை வைத்திருப்பவர்களும் 2021க்குப் பின் ஆய்வுக்குத் தனி அனுமதி பெற வேண்டும்.

3. ஊரின் அனுமதி எந்தத் தாளிலும் இல்லை

முத்திரை வைத்த கடிதம் உங்களைப் பேருந்து நிறுத்தம் வரைதான் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு ஊர்தான் உங்களை விட வேண்டும்.

வெற்றிலை பாக்கு, பழம் வைத்து தர்மகர்த்தாவை முதலில் பாருங்கள். பிறகு பூசாரி, பாரதம் படிக்கிறவர், ஊர்ப் பெரியவர்கள், ஜமாவை நடத்தும் கூத்து வாத்தியார். எல்லோரையும் ஓரிரு நாட்களுக்குள் பார்த்துவிடுங்கள். இடைவெளி விட்டால் நீங்கள் ஒரு தரப்பு ஆள் என்று பெயர் விழுந்துவிடும். கோவில் கணக்கில் பிணக்கு இருந்த ஊரில் நான் பழைய தர்மகர்த்தா வீட்டில் முதல் வாரம் முழுவதும் சாப்பிட்டேன். புதியவரின் தெருவில் எனக்குத் தண்ணீர் கொடுக்கவே நான்கு மாதம் ஆனது.

உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரே ஒரு வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆராய்ச்சி’ என்ற சொல் அரசாங்கக் கணக்கெடுப்பு, கடன், நிலம் கையகப்படுத்தல் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். “உங்கள் ஊர்ப் பாரதத்தைப் பற்றிப் புத்தகம் எழுதப் படிக்கிறேன்” என்றேன், புரிந்தது. யார் எத்தனை முறை கேட்டாலும் அதே வாக்கியத்தையே சொல்லுங்கள். ஒருவரிடம் ஒரு விதமாகவும் இன்னொருவரிடம் வேறு விதமாகவும் சொன்னால் சாயங்காலத்துக்குள் இரண்டும் டீக்கடையில் சந்தித்துக்கொள்ளும்.

எதையும் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். வயதான கலைஞர்கள் ஓய்வூதியம், நலவாரிய அட்டை, விருது பற்றிக் கேட்பார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள், நகல் எடுத்துக் கொடுங்கள், அலுவலகத்துக்குக் கூடப் போய் வாருங்கள். கிடைக்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

4. எந்தத் தெருவில் தங்குகிறீர்கள் என்பதே பாதி ஆய்வு

இதை எந்தக் கையேடும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் கிராமத்தில் நீங்கள் வாடகைக்கு எடுக்கும் அறை உங்களுக்கு ஒரு சாதியைக் கொடுத்துவிடும். நான் ஊர்ப் பக்கம் தங்கினேன். திருவிழாவில் பறை அடிக்கும் குடும்பங்கள் காலனியில் இருந்தன. அங்கே போய்ப் பேசிவிட்டு வந்த நாளில் வீட்டுக்காரம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காபி எவர்சில்வர் தம்ளரில் வரவில்லை, காகிதக் கோப்பையில் வந்தது. அதை வாங்கிக் குடித்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். ஒரு மாதம் கழித்து, பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மாடி அறைக்கு மாறினேன். இரண்டு பக்கத்து ஆட்களும் கூசாமல் வந்துபோகும் இடம் அதுதான். நீங்கள் முதலிலேயே அப்படி ஓர் இடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்துச் சிறுநகரத்தில் தங்கி முதல் பேருந்தில் வந்து போங்கள்.

பெண்களுக்கு மட்டும் இரண்டு சொல்ல வேண்டும். கழிப்பறையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கூத்து இரவில் பாயோடு வந்து உட்காரும் பாட்டிகளோடு சேர்ந்துகொள்ளுங்கள். அவர்களைவிடப் பாதுகாப்பு வேறு இல்லை. எந்தக் காட்சியில் யார் அழுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லக்கூடியவர்களும் அவர்கள்தாம்.

5. பணம்

இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைத்தவர்களுக்குக் கவலை குறைவு. ஆனால் கலை, சமூக அறிவியல் துறைகளுக்கு எதிர்பாராச் செலவு நிதி முதல் இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு 10,000 ரூபாய்தான், பிறகு 20,500. களச் செலவு அதற்குள் அடங்காது. உதவித்தொகை பல மாதம் தாமதமாக வருவதும் உண்டு. எனவே மூன்று மாதச் செலவுப் பணம் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பன்னிரண்டு மாதத்துக்கு எனக்கு ஆனது: அறை வாடகை 30,000, சாப்பாடு 48,000, ஒலிப்பதிவுக் கருவி, நினைவக அட்டை, இரண்டு வன்தட்டு சேர்த்து 28,000, பஸ்ஸும் ஆட்டோவும் 12,000, நகல், புகைப்படப் பிரதி, தட்டச்சு உதவி 15,000, மொய்யும் காணிக்கையும் 9,000. மொத்தம் 1,42,000 ரூபாய். அறைக்குக் கொடுத்த 10,000 முன்பணம் திரும்பி வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் பயணச் செலவு குறைந்தது.

மொய்யை எந்த ஆய்வுத் திட்டத்திலும் பார்த்ததில்லை. ஆறு மாதம் ஓர் ஊரில் இருந்தால் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் நீங்கள் அழைக்கப்படுவீர்கள். போக வேண்டும், எழுத வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டை எல்லோரும் படிப்பார்கள்.

பேட்டிக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். திண்ணைப் பேச்சுக்கு நான் கொடுக்கவில்லை. ஒருவருடைய கூலி நாளை எடுத்துக்கொண்டால் அந்தக் கூலியைக் கொடுத்தேன். எனக்காகக் கலைஞர்கள் தனியே வேஷம் கட்டிப் பாடிக் காட்டினால் அது அவர்கள் தொழில். அதற்குப் பேசி, முன்பணம் கொடுத்து, முறையாகச் செய்தேன்.

6. ஒப்புதல் கேட்பது

கையெழுத்துப் போடச் சொல்லி மூன்று பக்கப் படிவத்தை நீட்டியதும் ஓர் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர் என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து படிவத்தை நானே வாசித்துக் காட்டி, அவர் சம்மதத்தை ஒலிப்பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே பதிந்துகொண்டேன். நெறிமுறைக் குழுவிடம் வாய்மொழி ஒப்புதலுக்கும் அனுமதி கேட்டு வைத்திருந்தால் இது செல்லும். முன்பே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ‘சரி’ வாங்காதீர்கள். பேசலாமா, குரலைப் பதியலாமா, படம் எடுக்கலாமா, பெயர் போடலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியே கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் கலைஞர்களுக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுக்கு இருக்கிறது. ஆய்வுக்குப் பதிந்துகொள்ளச் சம்மதித்தவர் யூடியூபில் போடச் சம்மதித்ததாக ஆகாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரிடமும் கேளுங்கள்.

பெயரை மறைப்பதுதான் நல்ல நெறி என்று படித்துவிட்டுப் போனேன். வாத்தியாரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. நாற்பது வருஷம் துரியோதனன் வேஷம் கட்டியவரின் பெயரை எடுத்துவிட்டு ‘ஒரு கலைஞர்’ என்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். கலையைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் விரும்பினால், பெயரை முழுதாகப் போடுங்கள். ஊர்ச் சண்டை, சாதி, கணக்கு வழக்கு பற்றிச் சொன்னதில் பெயரையும் தெருவையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஆள் இரண்டிலும் வந்தால் இரண்டையும் வேறு வேறு அத்தியாயத்தில் வையுங்கள்.

7. குறிப்பேடு

சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய நோட்டு ஒன்று, இரவில் விரித்து எழுதப் பெரிய நோட்டு ஒன்று. பகலில் சொற்களை மட்டும் குறியுங்கள். அன்றிரவே, தவறினால் மறுநாள் காலைக்குள், விரித்து எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு நாள் தள்ளினால் நினைவு தானாகவே ஒரு கதையை இட்டுக் கட்டிவிடும். கண்டது, கேட்டது, நான் நினைத்தது மூன்றையும் கலக்காமல் தனித்தனியே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், கூட இருந்தவர் யார் என்பது ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் இருக்கட்டும்.

முதல் மாதம் கேள்விப் பட்டியலை வெளியே எடுக்க வேண்டாம். முதல் நாளே கேமராவும் வேண்டாம். அந்த மாதத்தில் ஊர் வரைபடம் போடுங்கள், உறவுமுறைப் படம் வரையுங்கள்: ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி. தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் சர்வே எண் வாரியாக நில வரைபடமும் பதிவேட்டு விவரமும் கிடைக்கும். ஆனால் சர்வே எண்ணோடு ஊருக்குள் திரியாதீர்கள்; நிலம் பார்க்க வந்தவள் என்று என்னை நினைத்துவிட்டார்கள்.

‘ஏன் இப்படிச் செய்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘ஐதீகம்’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ‘போன தடவை அர்ச்சுனன் தபசுக் கூத்தில் அர்ச்சுனன் ஏறும் மரம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள்’ என்று கேளுங்கள். பனை யாருடையது, அவருக்கு என்ன மரியாதை, ஒரு வருஷம் அவர் கொடுக்க மறுத்தது ஏன் என்று விடியும் வரை பேசுவார்கள்.

8. ஒலிப்பதிவு

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதட (ஸ்டீரியோ) அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். இரவு பத்துக்குத் தொடங்கி விடியும் வரை போகும் கூத்துக்கு 8 ஜிபி. பத்து இரவுக்கு 80. மாற்று பேட்டரிகளும் மாற்று அட்டையும் இல்லாமல் போகாதீர்கள். ஒலிபெருக்கிக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முகவீணை என்ற ஊதுகுழலின் ஒலி மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பின்பாட்டுக்காரர்களுக்குப் பக்கவாட்டில் இடம் கேளுங்கள். கருவியின் அளவுகாட்டியில் உச்ச ஒலி −12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் திடீரென்று கத்துவார்.

காலையில் தூங்குவதற்கு முன் இரண்டு வன்தட்டிலும் நகல் எடுத்துவிடுங்கள். ஒன்று அறையில், இன்னொன்று வேறு வீட்டில். அட்டையை அழிப்பது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை ஒரு நாள் மாற்றியதில் எனக்கு ஒரு முழு இரவுக் கூத்து போயிற்று. அன்று பாடிய பெரியவர் மறு ஆண்டு இல்லை.

9. திருவிழா நாட்கள்

காப்புக் கட்டும் நாளன்று ஊரில் இருந்தால், திருவிழா முடியும் வரை வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு. அது உங்களுக்கும் பொருந்துமா என்று முன்பே கேளுங்கள். ஆய்வுக் குழுக் கூட்டம், கட்டணம் செலுத்தும் கடைசி நாள் எதுவும் அந்த நாட்களில் விழாதபடி பாருங்கள். நெறியாளரிடம் முன்பே எழுத்தில் சொல்லிவைத்தால் சிக்கல் வராது.

பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, இடையில் பூசை என்று போனால் நான்காம் நாள் உடம்பு விழுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் பார்க்க நினைக்காதீர்கள். கடைசி நாளுக்காகச் சக்தியைச் சேமித்து வையுங்கள். இரவெல்லாம் பதினெட்டாம் போர்; காலையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம், திரௌபதி கூந்தல் முடித்தல்; சாயங்காலம் தீமிதி. இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும். அன்றைக்கு மட்டும் நண்பர் ஒருவரை அழைத்து வாருங்கள்: அவர் ஒலியைப் பார்க்கட்டும், நீங்கள் ஆட்களைப் பாருங்கள். படுகளத்தில் பெண்களுக்கு அருள் வரும். அந்த முகங்களை அருகில் போய்ப் படம் எடுக்காதீர்கள். தர்மகர்த்தா அனுமதித்திருந்தாலும் அந்தப் பெண் அனுமதிக்கவில்லை.

10. ஊரை விட்டு வந்த பிறகு

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எனக்கு ஏழெட்டு மணி நேரம் ஆனது. பாட்டுப் பகுதிக்கு அதற்கும் மேல். எலான் என்ற இலவச மென்பொருளில் ஒலியையும் எழுத்தையும் வரிக்கு வரி இணைக்கலாம். எல்லாவற்றையும் எழுத்தாக்க நினைக்காமல், களத்தில் இருக்கும்போதே ஒவ்வொரு பதிவுக்கும் அரைப் பக்கச் சுருக்கம் எழுதி, தேவையானதைக் குறித்து வையுங்கள்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு முறை திரும்பிப் போங்கள். மழைக்காலத்தில் போனால் வாத்தியார் வீட்டில் இருப்பார். படங்களைப் பெரிதாக அச்சுப் போட்டும், பதிவுகளைப் பென் டிரைவில் போட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்திகள் கைப்பேசியில் ஏற்றிக்கொள்வார்கள். நீங்கள் எழுதிவைத்த பாட்டு வரிகளை அவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். என் பிரதியில் வாத்தியார் ஒரே அமர்வில் முப்பத்தொரு இடத்தில் திருத்தினார். இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஒரு நாள் போதாது.